மாரப்பன் விடுதலைக்கு ஆட்சேபணை

கொலைகாரனுக்குக் கேக்கு சுடக் கத்துக் குடுத்திருக்கறாங்க தம்பி, நம்ம கவர்மெண்டுல. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். என் கூடப் பொறந்தவனை அடிச்சுக் கொன்னுபோட்டவன், கோயமுத்தூர் ஜெயிலுக்குள்ள தலையில வெள்ளைக் குல்லாப் போட்டுக்கிட்டுப் பன்னு சுடறானாமா. பன்னு, ரொட்டி, பொறந்த நாளுக்குக் கேக்கு. அதுக்கு ஒரு சர்டிபிகேட்டும் குடுத்திருக்கறாங்க. நான் காங்கயத்துல நாப்பது வருசமாத் தேங்காய்க் களம் நடத்தறேன், எனக்கு எவன் குடுத்தான் சர்டிபிகேட்டு?

நீங்களும் இந்தப் பஸ்ல கோயமுத்தூர் வரைக்குந்தானுங்களே? அப்ப நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் போறேன். ஊட்டுல எம்பட சம்சாரமும் கோவிச்சுக்கிட்டு மக ஊட்டுக்குப் போயிருச்சு, பேசறதுக்கு ஆளில்லை. கேட்டுட்டு வாங்க. கேட்டுப்போட்டு நாயத்தை நீங்களே சொல்லுங்க.

போன வாரம் செவ்வாக்கெழமை ஸ்கூட்டர்ல ஒரு அம்மிணி வந்து எறங்குச்சு. தோள்ல ஒரு பை, கையில ஒரு பைலு. இருபத்தெட்டு வயசு இருக்கும். நான் களத்துல காயப்போட்ட தேங்காப் பருப்பைத் திருப்பிப் போடச் சொல்லி ஆளுகளைச் சத்தம் போட்டுட்டு இருந்தேன். ரேசன் கார்டு சமாச்சாரமா இருக்கும்னு நெனச்சேன். 'நான் நன்னடத்தை அலுவலருங்க'ன்னுச்சு. நன்னடத்தைக்கு ஒரு ஆபீசருங்க தம்பி. அப்பக் கெட்ட நடத்தைக்குத் தனியா ஒருத்தர் இருக்கறாரான்னு கேட்டேன். சிரிச்சுச்சு. இந்த மாதிரி சிரிக்கற புள்ளைகளை நம்பவே கூடாதுங்க. சிரிச்சுக்கிட்டே நாம பேசறதையெல்லாம் எழுதிக்கும்.

சமாச்சாரம் என்னன்னா, மாரப்பன் பதினாலு வருசம் முடிச்சுட்டானாமா. ஆயுள் தண்டனைக்காரனை முன்கூட்டியே வெளிய உடற லிஸ்டுல அவம் பேரு வந்திருக்குதாமா. உட்டா ஊருக்கு ஆபத்து இருக்குதா, செத்தவங்க ஊட்டுல ஆட்சேபணை இருக்குதா, இதையெல்லாம் நேர்ல வந்து விசாரிச்சு எழுதி மேல அனுப்போணுமாமா. அதைப் பாத்துத்தான் முடிவாம். எழுதிக்கம்மிணி, இருக்குதுன்னேன். எத்தனை பக்கம் வேணுமோ அத்தனை பக்கம் எழுதிக்க. அவன் அங்கியே சாகோணும்னு கொட்டை எழுத்துல எழுதிக்க.

எந் தம்பி பேரு சிவராசு. எனக்கும் அவனுக்கும் பதினெட்டு வயசு வித்தியாசம். அவனுக்கு அஞ்சு வயசுல எங்காத்தா போயிருச்சு. நாந்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனேன். எங்கூட்டுக்காரி வர்றதுக்கு முன்னாலயே எனக்கு அவன் புள்ளைங்க. நீங்க மத்ததை நம்புனாலும் நம்பாட்டியும், இதை நம்போணும்.

அன்னைக்குச் சித்திரை வெயிலு. மத்தியானம். நான் ஈரோட்டுக்குப் போயிருந்தேன். மாரப்பன் லாரி டிரைவர், கொப்பரை ஏத்தறதுக்குக் களத்துல வந்து நின்னுட்டு இருந்தான். முன்னப்பின்ன பழக்கமில்லாத ஆளு. எங்க சிவராசுக்குக் கோவம் சாஸ்தி. அன்னைக்குச் சோறு கொண்டாரத் தாமசமாயிருச்சு, ஊட்டுக்காரியை ரண்டு தட்டுத் தட்டியிருக்கறான். தென்னமட்டையில. ஊட்டுக்குள்ள நடக்கறது களத்துல நடந்துபோச்சு, அவ்வளவுதான். எந்த ஊட்டுல நடக்கலீங்க? இந்த டிரைவர் நாயிக்கு அதுல என்ன வேலை? 'உடுங்க, புள்ள செத்துப்போயிரும்'னு குறுக்க வந்தானாமா. சிவராசு அரிவாளை எடுத்திருக்கறான். மெரட்டறதுக்குத்தான் எடுத்திருப்பான். இவன் லாரியில இருந்த ஜாக்கி ராடை எடுத்து ஒரே போடு, காதுக்கு மேல. அடிச்சுப்போட்டு அவனே தூக்கி லாரியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டறான். நடிப்பைப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உசுரு போயிருச்சு. ஓடிப்போகாம அங்கியே உக்காந்திருந்தானாமா, போலீசு வர்ற வரைக்கும்.

எழவு ஊட்டுலயே ஒரு வக்கீலு எங்காதுல சொன்னாரு, இது இப்படியே போனாக் கொலைக் கேசா நிக்காது, சண்டையில நடந்ததுன்னு ஆயிரும், அஞ்சோ ஏழோ வருசத்துல வெளிய வந்துருவான்னு. அஞ்சு வருசமா? எஞ் சிவராசு உசுருக்கா? பொம்பளையை அடிச்சுட்டு இருந்தான்னு வேற ஊரு சிரிக்கறதா? களத்துல கெடந்த சிவராசு அரிவாளை எடுத்து அதும்பட எடத்துல மாட்டிப்போட்டேன். களத்து ஆளுக அந்நேரம் சோத்துக்குப் போயிட்டாங்க, பாத்தது ஒரே ஆளுதான். சிவராசு பொண்டாட்டி கலாமணி. அது சொன்னதா நானே போலீசுக்கு எழுதிக் குடுத்தேன், அது கையெழுத்துப் போட்டுச்சு.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னால மூணு நாளு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேனுங்க. புருசன் உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தாரு, அவன் பின்னாலருந்து வந்து அடிச்சான், அவங்களுக்குள்ள முன்னாலயே பகை இருந்துச்சு. மூணே வரி. மொத நாளு அழுதுச்சு. ரண்டாம் நாளு, 'அவரு என்னையக் காப்பாத்தத்தான் வந்தாருங்க மாமா'ன்னுச்சு. மூணாம் நாளு ஒழுங்காச் சொல்லுச்சு. காதுக்கு மேல பட்ட அடி, முன்னால நின்னு அடிச்சாலும் அங்கதான் படும், பின்னால நின்னு அடிச்சாலும் அங்கதான் படும். கூண்டுல நின்னு தலையை நிமுத்தாமச் சொல்லுச்சு பாருங்க, எனக்கே சந்தோசமாப் போச்சு. ஆயுளு. மாரப்பன் கலாமணியையே பாத்துட்டு நின்னான்.

நான் பொய் சொல்ல வெச்சேன்னு நெனைக்காதீங்க. அடிச்சது அவன், செத்தது எந் தம்பி. இதுல எது பொய்யி? எந்தப் பக்கம் நின்னு அடிச்சாங்கறதை மட்டும் கொஞ்சம் மாத்துனோம்.

சரி, அம்மிணி கதைக்கு வர்றேன். எதுக்கும்மிணி தண்டனை, எதுக்கு இத்தா பெரிய ஜெயிலு, பன்னு சுட்டுப் பழகறதுக்கான்னு கேட்டேன். சேரை இழுத்துப்போட்டு உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்குதுங்க அந்தப் பொடுசு. தண்டனைக்கு நாலு நோக்கமாமா. பண்ணுன தப்புக்குத் தக்க வேதனையை அவன் அனுபவிக்கோணும். அதைப் பாத்து மத்தவனுக்குப் பயம் வரோணும். மறுபடி அவன் ஆருக்கும் கெடுதல் பண்ணாத மாதிரி அடைச்சு வெக்கோணும். நாலாவதா, ஆளைத் திருத்தி வெளிய அனுப்போணும். வெரல் உட்டு எண்ணுச்சு. தண்டனைங்கறது வெறும் மொதலாவது மட்டும் இல்லீங்கய்யா, என்னைக்காச்சும் ஒரு நாளு அவரு நம்ம நடுவுல வந்து வாழோணுமல்லங்கன்னுச்சு. அவரு! கொலைகாரனுக்கு மரியாதையைப் பாருங்க.

வேதனைங்கறயே, என்ன வேதனைன்னு கேட்டேன். மணியடிச்சாச் சோறு. ஞாயித்துக்கெழமை கறி. மேலுக்குச் சொகமில்லைன்னா உள்ளாரயே டாக்டரு. எங்க கலாமணிக்குப் பல்லுவலின்னா எங்கூட்டுக்காரிக்கு நேரம் ஒழியற வரைக்கும் கன்னத்தைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கும். அது ஒரு நாளாச்சும் கொறை சொல்லியிருக்குதா?

மத்தவனுக்குப் பயம்னுதே, எவன் பயந்தான்? அதுக்கப்பறம் எங்கூருலயே ரண்டு வெட்டுக்குத்து நடந்துபோச்சு. ஆனா பொய் சொல்லக் கூடாது, கலாமணி பயந்துச்சு. நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன், பொய்ச் சாட்சி சொன்னவங்களுக்கு ஏழு வருசம், நீ எங்கியாச்சும் வாயைத் தொறந்தீன்னா மொதல்ல உள்ள போறது நீதான்னு. மாசத்துக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துவேன். ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க.

திருத்தறதுக்கு வந்தா இன்னும் வேடிக்கை. பைலைப் பிரிச்சுப் படிக்குது. மாரப்பன் உள்ள உக்காந்து பத்தாங்கிளாசு பாஸ் பண்ணியிருக்கறானாமா. நாப்பத்தெட்டு வயசுல பத்தாங்கிளாசு, இனிக் கலெக்டரு வேலைக்குப் போவானாட்ட இருக்குது. பதினாலு வருசத்துல அவம் மேல ஒரே ஒரு புகார்கூட இல்லையாமா, சண்டை இல்லை, பீடி இல்லை, சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செஞ்சிருக்கறானாமா. இது ஒரு பெருமையாங்க? சுத்தியும் செவுரைக் கட்டி அடைச்சு வெச்சா எவந்தான் தப்புப் பண்ணுவான்? எங்க கலாமணி மேலகூடத்தான் பதினாலு வருசமா ஒரு புகாரு இல்லை. அதுக்கு எவன் பைலு போட்டு வெச்சிருக்கறான்?

மாரப்பன் ஆத்தா செத்ததுக்குப் போலீசு காவலோட மூணு நாளு ஊருக்கு உட்டாங்க. மூணு நாளுங்க தம்பி. நான் போயித் தூரத்துல நின்னு பாத்தேன், நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகறான். ஒரு கொலைகாரனுக்கு மூணு நாளா ஒப்பாரி வெக்க லீவு. கலாமணி அப்பன் செத்தப்ப நானே கார்ல கூட்டிட்டுப் போனேன், எடுத்ததும் பொழுது சாயறதுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன். கார்ல அழுதுட்டே வந்துச்சு, இல்லீங்கல. ஆனா இன்னொரு நாளு இருக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா? அதுக்குப் பேருதானுங்க நன்னடத்தை.

இத்தனையும் எழுதிக்கிட்டு அந்த அம்மிணி என்ன சொல்லுச்சுன்னா, உங்க ஆட்சேபணையைக் குறிச்சுக்கிட்டேங்கய்யா, ஆனாச் செத்தவருக்கு வாரிசு அவரு சம்சாரம், அவங்க வாக்குமூலம் இல்லாம என்னால ரிப்போர்ட்டு எழுத முடியாதுன்னுச்சு. நான் அசந்துபோயிட்டேன். குளிப்பாட்டி வளத்தவன் நானு, அது ஆறு வருசம் குடும்பம் நடத்துனது, புள்ள குட்டி கூட இல்லை. அது வாரிசு, நான் ஆரோ. அது குடோன்ல பருப்புப் பொறுக்கிட்டு இருக்குது, நான் சொல்றதைத்தான் அதுவும் சொல்லும், எங்கிட்டயே எழுதிக்கன்னேன். முடியாதாம். தனியாப் பேசோணுமாம். தனியாவா? எங்கூட்டுப் பொம்பளை கிட்ட எனக்குத் தெரியாம என்ன பேச்சு வேண்டிக் கெடக்குது? பேசறதுன்னா எம் முன்னாலதான்னு சொல்லிக் கூப்பிட்டேன்.

கலாமணியை நான் வெச்சிருக்கற மாதிரி எவனும் வெச்சிருக்க மாட்டானுங்க. பொறந்த ஊட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போறோம்னு நின்னாங்க. நான் உடவே இல்லை. சிவராசு பொண்டாட்டி எங்கூட்டுலதான் இருக்கோணும். தனி ரூமு, பேனு, மூணு வேளைச் சோறு. வெள்ளிக்கெழமை எங்கூட்டுக்காரி கோயிலுக்குப் போறப்பக் கூடப் போகலாம். போனு கேட்டுச்சு ஒருக்கா, அதுக்கெதுக்குப் போனு, ஆராவது பேசோணும்னா என் போனுலயே பேசட்டும்னேன், நாந்தான் பக்கத்துலயே இருக்கறேனே. காலையில களத்துக்கு வந்தா இருட்டறதுக்குள்ள ஊட்டுக்கு. தீவாளிக்குச் சீலை. அதுவும் பூப் போட்டது வேண்டாமுன்னு நாம சொல்லாமயே அதுக்குத் தெரியும். அந்தளவுக்கு வெச்சிருந்தேன்.

வந்து நின்னுச்சு. அம்மிணி கேட்டுச்சு, மாரப்பன் வெளிய வர்றதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்குதாங்கன்னு. இருக்குதுன்னு நான் சொன்னேன். அவங்க சொல்லட்டுமுங்கய்யான்னுச்சு அம்மிணி. கலாமணி ரண்டு கையிலயும் ஒட்டியிருந்த பருப்புத் தூளைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. நெம்ப நேரம். நான் தொண்டையைச் செருமுனேன். அதுக்குத் தெரியும் அந்தச் செருமலு. ஆனா எம் பக்கம் திரும்பவே இல்லைங்க. அந்தப் புள்ளயைப் பாத்துக் கேக்குது:

"பொய்ச் சாட்சி சொன்னா எத்தனை வருசமுங்க மேடம்?"

அம்மிணி பேனாவைக் கீழ வெச்சுச்சு. அதைக் கோர்ட்டுத்தான் சொல்லோணும், சொன்னவங்களைக் கேக்கற மாதிரியே சொல்ல வெச்சவங்களையும் கேப்பாங்கன்னு, என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. அதுக்குக் கலாமணி சொல்லுச்சு:

"எத்தனை வருசம்னாலும் பரவால்லீங்க. அதுக்கு முடியற தேதின்னு ஒண்ணு இருக்குமல்லங்க."

இதுக்கு என்னங்க அர்த்தம்? நானும் ஒரு வாரமா ரோசிச்சுப் பாக்கறேன், வெளங்கலை. முடியற தேதியாம். எதுக்கு முடியற தேதி? மூணு வேளை சோறு திங்கறதுக்கா?

அப்பறம் ஆரம்பிச்சுது பாருங்க. நின்னுக்கிட்டேதான். சோறு தாமசமானதுலருந்து, எத்தனை அடி, எங்கெங்க அடி, அரிவாளு எந்தக் கையில இருந்துச்சு, மாரப்பன் மொதல்ல கும்புட்டுக் கேட்டது, அப்பறம் அடிச்சது, நான் அரிவாளை எந்த ஆணியில மாட்டுனேங்கறது வரைக்கும். அழுகலை, தடுமாறலை. நான் சொல்லிக் குடுத்த மூணு வரியையும் அப்படியே சொல்லுச்சு, இதெல்லாம் மாமா சொல்லிக் குடுத்ததுங்கன்னு. ஏ கலாமணின்னு ஒரு அதட்டு அதட்டுனேன். எப்பவும் அந்தச் சத்தத்துக்குக் கையில இருக்கற சொம்பு கீழ உழுந்துரும். அன்னைக்கு அது பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்குது. களத்து ஆளுக அத்தனை பேரும் வேலையை உட்டுப்போட்டுப் பாக்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாருங்க. நாப்பது வருசமா என்னையப் பாத்து நிமுந்து நிக்காத ஆளுக.

எழுதுனதைப் படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கிட்டு, அம்மிணி கேக்குது, உங்களுக்குப் போறதுக்கு எடம் இருக்குதாங்கன்னு. தங்கச்சி ஊடு அவிநாசியில இருக்குதுன்னுச்சு. ரூமுக்குப் போயி ரண்டு சீலையை எடுத்துப் பையில வெச்சுக்கிட்டு, ஸ்கூட்டர்ல பின்னால ஏறி உக்காந்து போயிருச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அந்தக் களத்து கேட்டுக்குப் பூட்டே கெடையாதுங்க தம்பி. ஒரு நாளும் நான் பூட்டுனதில்லை. போறதுன்னா எப்ப வேணும்னாலும் போயிருக்கலாம், ஆரு புடிச்சாங்க? ஊருல இப்ப நானே சொல்லிட்டு இருக்கறேன், மாரப்பனுக்கும் கலாமணிக்கும் அன்னைக்கே என்னமோ இருந்திருக்குதுன்னு. ஏதாச்சும் ஒண்ணு சொல்லோணுமல்லங்க. எங்கூட்டுக்காரி மட்டும் ஒத்துக்கலை. அபாண்டம் பேசற வாயில புழு வெச்சுருமுன்னு என்னையவே திட்டிப்போட்டுப் போயிருச்சு. பதினாலு வருசம் கூடயே இருந்தது, அதுக்கு இப்பத்தான் ரோசம்.

எழவு ஊட்டுல எங்காதுல சொன்ன அந்த வக்கீலையே மறுக்காப் போயிப் பாத்தேன். இப்ப வயசாகி, பேச்சுலயும் பயம் வந்துருச்சு அந்தாளுக்கு. அந்த வாக்குமூலம் ரிப்போர்ட்டோட ஜெயிலுக்குப் போகும், மாரப்பன் கைக்கு அது கெடச்சு, அவன் ஒரு நல்ல வக்கீலை வெச்சுக் கேசைத் தோண்டுனான்னா, அப்பறம் உங்க பாடு சிரமங்கறாரு. கூடயே எம் பேரை எங்கியும் சொல்லிராதீங்கன்னும் சொல்றாரு. எனக்கு அறுபத்துநாலு வயசு, சர்க்கரை இருக்குது, ராத்திரியில மூணு தடவை எந்திரிக்கோணும். ஜெயில்ல ஒரு ரூமுல எத்தனை பேருங்க படுப்பாங்க? கக்கூசு உள்ளாரயா வெளியிலயா? சும்மாக் கேட்டேன். உங்களுக்கெங்க தெரியப் போகுது.

அதனாலதான் இந்தப் பஸ்ல உக்காந்திருக்கறேன். மாரப்பனைப் பாக்கத்தான் போறேன். கெஞ்சறதுக்கில்லீங்க, நான் எதுக்குங்க அந்த நாயிகிட்டக் கெஞ்சறேன். எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு நானே எழுதிக் குடுத்தர்றேன், நீ வெளிய வந்து நல்லபடியாக் கடை வெச்சுப் பொழச்சுக்கப்பா, ஆனது ஆயிருச்சு, பழசைக் கிண்ட வேண்டாம்னு நேர்ல சொல்லிப்போடலாம்னுதான். பொம்பளை பேச்சை நம்பாதன்னும் சொல்லோணும். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஆப்பிள் வாங்கியிருக்கறேன். நல்ல ஆப்பிளுங்க.

ஒரே ஒரு சிக்கலுதான். உள்ள போறதுக்கு மனுச் சீட்டு எழுதிக் குடுக்கோணுமாமா. எம் பேரு, ஊரு, ஆதார் நம்பரு, அப்பறம் கைதிக்கு நான் என்ன வேணும்னு ஒரு கட்டம் இருக்குதாமா. அதுல ஒண்ணும் எழுதாம உட்டா உள்ளயே உட மாட்டாங்களாமா. பேசாம அண்ணன்னு எழுதிப்போடுங்கங்கறாரு வக்கீலு. நானும் பஸ் ஏறுனதுலருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கறேன் தம்பி. வாய்க்கு வர மாட்டேங்குது.